காற்றறைக்கு மாற்றாள்

கடைநிலவில் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. செய்தால் செய்தவர்களுக்கே மூச்சு நின்றுபோகும். இந்தச் சிக்கலை அவிழ்க்கத் தெரியாமல்தான், நான் தொடங்கிவைத்த ஒரு விடுதலைப் போர், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்குப் போகும் எங்கள் கம்பெனிப் பேருந்தில் பல நாள் நகராமல் கிடந்தது.

கடைநிலவு என்பது அந்தப் பேருந்தில் நான் சொல்லிவந்த கதையில் வரும் ஊர். வேறொரு சூரியனைச் சுற்றும் ஏதோ ஒரு கோளின் கடைசி நிலவு. பனிக்கட்டி வெட்டுவதற்காக அங்கே கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் அதையே வெட்டி, வெகுதொலைவிலிருந்து பல கோள்களை ஆளும் ஓர் அரசுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அரசுக்கு நான் விண்மீன் கூட்டரசு என்று பெயர் வைத்திருந்தேன். பேருந்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ‘மேலிடம்’ என்றார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் பட்டது.

கதை சொல்வது என் தொழில் அல்ல. தனியார் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளியை மூடினார்கள். அதன் பிறகு ஒரகடத்தில், செல்பேசிகளுக்குச் சார்ஜர் செய்யும் ஒரு தொழிற்சாலையில், உற்பத்தி லைனின் கடைக்கோடியில் இருக்கும் பரிசோதனை மேசை எனக்குக் கிடைத்தது. லைனில் இருந்த பெண்கள் அனைவரும் என்னைவிடப் பதினைந்து இருபது வயது இளையவர்கள். விடுதியில் ஒரே கூரையின் கீழ் தங்கினோம்; காலை ஷிப்ட்டுக்கு ஒரே பேருந்தில் போனோம். விடுமுறை நாளில் அவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள். நான் நூலகத்துக்குப் போவேன். எங்களுக்கு இடையில் அந்த அளவுக்குத்தான் வித்தியாசம்.

பேருந்தில் பாட்டுப் பெட்டி பழுதானதுதான் கதையின் தொடக்கம். ஓட்டுநர் ஒரகடத்தை அடுத்த கிராமத்துக்காரர். வண்டியைக் கிளப்பும்போதே கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னார்:

“யம்மா, ஸ்பீக்கரு புட்டுக்கிச்சி. எல்லாம் கம்முனு உக்காந்துகினு வந்தீங்கன்னா எனக்குத் தூக்கம் வந்துரும். அப்பால என்னைக் கேக்காதீங்க. யார்னா எதுனா பேசிகினு வாங்க.”

என் பக்கத்து இருக்கையில் எப்போதும் தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்காருவாள். லைனில் திருகாணி முடுக்கும் இடம் அவளுடையது. “அக்கா, நீங்க டீச்சரா இருந்தவுகதானே. ஏதாச்சும் சொல்லுங்க. பாடம் மட்டும் எடுத்துராதீங்க” என்றாள்.

விடிந்தும் விடியாத நேரம். வெளியே ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் மதிலுக்குள் தனி வெளிச்சத்தோடு நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீருடை நிறம், ஒரு கதவு, ஒரு சங்கு. இடையில் இருட்டு. ஒன்றில் இருப்பவர்களுக்கு அடுத்ததில் இருப்பவர்களைத் தெரியாது. ஏறக்குறைய எல்லாருமே வேறெங்கிருந்தோ வந்தவர்கள். இதைப் பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு விண்வெளியில் ஓர் ஊரைக் கற்பனை செய்வது கடினமாக இருக்கவில்லை.

கேட்டவர்கள் என்னைச் சும்மா விடவில்லை. அங்கே சாம்பார் உண்டா என்றார்கள். கேன்டீனில் இருப்பதுபோல் தண்ணீராக உண்டு என்றேன். அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்தவளை விண்கலத்துக்குள் விடுவார்களா என்றார்கள். பனிக்கட்டி வெட்டுகிற பெண்ணுக்கு மாதவிலக்கு வந்தால் என்ன செய்வாள் என்று பின்னிருக்கையில் ஒருத்தி கேட்டாள். நான் படித்த எந்த விண்வெளிக் கதையிலும் அந்தக் கேள்விக்கு இடமிருந்ததில்லை. இரண்டு காலைகளை அதற்கே ஒதுக்கினேன்.

ஓட்டுநர் ஒருநாள் வேறொன்று கேட்டார்.

“நீ சொல்ற அந்த நிலாவுல, இவங்கல்லாம் போறதுக்கு மின்ன யாரு இருந்தாங்க?”

“யாருமே இல்லை அண்ணா. வெறும் பனிதான்.”

“அப்பிடித்தான் சொல்லுவாங்க.” அவர் வண்டியைத் திருப்பியபடியே சொன்னார். “எங்க வேர்க்கடலைக் கொல்லையிலதான் உங்க கம்பெனி மெயின் கேட்டு கீது. வந்து பாத்தவன் வெறும் பொட்டல்னுதான் எழுதிகினு போனான்.”

மறுநாளே கதையில் ஒரு மாற்றம் செய்தேன். கடைநிலவின் பனிக்கு அடியில் பழைய மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்றும், விண்கலங்களை ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அவர்கள் வழி வந்தவர்கள் என்றும் சொன்னேன். கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரிந்தது. அன்று அவர் வேகத்தடைகளில் வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினார்.

தேனிப் பெண்ணின் கையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். விடுதியில் நிரப்புவாள். பேருந்தில் மூடியைத் திறந்து உதட்டை நனைத்துக்கொண்டு மூடிவிடுவாள். மாலையில் திரும்பும்போதும் பாட்டில் ஏறக்குறைய நிறைந்தே இருக்கும். காரணம் எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். லைனில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இருக்கை காலியாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். லைன் லீடர் பார்ப்பாள். பார்த்தால் மாற்றாளை அனுப்புவாள். ரிலீவர் என்று அழைக்கப்படும் அந்த மாற்றாள் லைன் முழுவதற்கும் ஒருத்திதான். அவள் இன்னொருத்தியின் இருக்கையில் இருந்தால் கை தூக்கியவள் தூக்கியபடி இருக்க வேண்டும். அதனால் பெரும்பாலோர் கை தூக்குவதில்லை. தண்ணீர் குடிப்பதில்லை.

அவளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலாகப் படுத்தாள். இ.எஸ்.ஐ. மருந்தகத்து டாக்டரம்மா திட்டினார். மாத்திரை பாதி வேலைதான் செய்யும், தண்ணீர் குடித்து அடிக்கடி வெளியேற்றினால்தான் மீதி, இல்லாவிட்டால் சிறுநீரகத்துக்குப் போய்விடும் என்றார். ஊரிலிருந்து அண்ணன் தொலைபேசியில் அழைத்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டு அங்கே என்ன வேலை, வந்துவிடு என்றான். அந்த வீட்டிலிருந்து வெளியே வருவதற்கு அவள் பட்ட பாட்டை எனக்குச் சொல்லியிருந்தாள்.

“போனேன்னா திரும்ப விடமாட்டாகக்கா” என்றாள். “இங்கன இருக்கணும்னா தண்ணி குடிக்கணும். தண்ணி குடிச்சா இங்கன இருக்க முடியாது. என்னக்கா இது?”

அந்த வாரம்தான் கதையில் காற்றறையின் சட்டத்தைச் சொன்னேன். காற்றறை முன்பே கதையில் இருந்தது: பனிக்கட்டியிலிருந்து மூச்சுக்காற்றைப் பிரிக்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கூடம். ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது சட்டத்தைச் சேர்த்தேன். இருக்கையை விட்டு எழ மேலிடத்தின் அனுமதி வேண்டும். கேள்வி போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் கேட்டவளுக்குப் பேரன் பிறந்திருப்பான். பேருந்தே குலுங்கிச் சிரித்தது. லைன் லீடரும் எங்களோடு அதே பேருந்தில் வருகிறவள்தான். வாலாஜாபாத் பக்கத்துப் பெண். “யாரைச் சொல்றீங்கன்னு தெரியுதுக்கா, நடத்துங்க” என்று அவளும் சிரித்தாள்.

பிறகு மக்கள் விடுதலை கேட்டாக வேண்டிய இடத்துக்குக் கதை வந்து சேர்ந்தது. நான் படித்த வரலாற்றில் விடுதலை கேட்பவர்கள் முதலில் எதையாவது நிறுத்துவார்கள். வரி கட்டுவதை, அந்நியத் துணி வாங்குவதை, ரயிலை. கடைநிலவிலும் நிறுத்தினார்கள். காற்றறையின் இயந்திரங்களை அணைத்துவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அது கம்பீரமான காட்சியாகத் தோன்றியது.

“செத்துருவாங்களே” என்றாள் பின்னிருக்கைக்காரி.

“மேலிடம் பயந்து இறங்கி வரும்.”

“பேரன் பொறந்தப்புறந்தானே வரும்? நீங்கதானே சொன்னீங்க!”

நியாயமான கேள்வி. புரட்சி அங்கேயே நின்றது. அடுத்தடுத்த காலைகளில் நான் எந்த வழியைச் சொன்னாலும் யாரோ ஒருத்தி மூச்சுத் திணறி இறந்தாள். “இன்னாம்மா, இன்னிக்காவது சுதந்திரம் குடுப்பியா, மாட்டியா?” என்று ஓட்டுநர் கேலி செய்யத் தொடங்கினார்.

விடை தேனிப் பெண்ணிடமிருந்து வந்தது. வல்லம் கூட்டுச்சாலையில், புதுக் கார்களை ஏற்றிய நீண்ட லாரி ஒன்று திரும்ப முடியாமல் வழியை அடைத்துக்கொண்டு நின்ற காலை அது.

“ஏங்கா, மெசினை எதுக்கு நிப்பாட்டணும்?” என்றாள். “மெசின் என்ன பாவம் பண்ணுச்சு? அவுக மூச்சு விடுறதுக்குத்தானே ஓடுது. அது பாட்டுக்கு ஓடட்டும். பக்கத்து மெசினை ஓட்ட அம்புட்டுப் பேரும் கத்துக்கிட்டாகன்னா, ஒருத்தி எந்திரிச்சா அடுத்தவ பாத்துக்கிருவா. மேலிடத்துக்கிட்ட எதுக்குக் கேக்கணும்?”

“கேட்காமலே எழுந்துவிடுவதா?”

“ஆமா. எந்திரிச்சுப் போயிட்டு வந்து உக்காரணும். அம்புட்டுத்தேன்.”

லாரி திரும்பி வழிவிட்டது கூடச் சிறிது நேரம் ஓட்டுநருக்குத் தெரியவில்லை.

அன்று முதல் இரண்டு இடங்களில் ஒரே வேலை நடந்தது. பேருந்தில் கடைநிலவுப் பெண்கள் பக்கத்து இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார்கள். தொழிற்சாலையில், தேநீர் இடைவேளையின் கடைசி நிமிடங்களில், திருகாணி முடுக்குகிறவள் மூடி பொருத்தவும், மூடி பொருத்துகிறவள் திருகாணி முடுக்கவும் பழகினார்கள். நான் யாரையும் தூண்டவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. லைன் கடைசியில் வந்து சேரும் ஒவ்வொரு சார்ஜரையும் சோதிக்கிறவள் நான். எந்தத் திருகாணி எவள் கையால் முடுக்கப்பட்டது என்று பார்த்துப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் அழுத்து” என்று சைகை காட்டியதும் நான்தான். பழுது கூடினால் அன்றே நிறுத்தச் சொல்லியிருப்பேன். கூடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது, தேனிப் பெண் எழுந்தாள். கை தூக்கவில்லை. மூடி பொருத்துகிறவள் தன் முக்காலியை அரை அடி நகர்த்திக்கொண்டு இரண்டு வேலையும் செய்தாள். தேனிப் பெண் கூடத்தின் நடுவில் நடந்து கழிப்பறைக்குப் போனாள், திரும்பி வந்தாள், பாட்டிலை எடுத்து நின்றபடியே குடித்தாள், உட்கார்ந்தாள். என் மேசைக்கு வந்த சார்ஜர்களில் ஒன்றுகூடக் குறையவில்லை.

லீடர் ஓடி வந்தாள்.

“இன்னாடி இது? யாரைக் கேட்டு எந்திரிச்ச?”

“யாரையும் கேக்கலக்கா. லைன் நிக்கலேல்ல, பாருங்க.”

“நின்னாக்கூட நான் பதில் சொல்லிக்குவேன்டி! நிக்காம ஓடுச்சின்னா, அப்ப லீடர்னு நீ எதுக்கு கீறேன்னு மேல கீறவன் என்னைக் கேப்பானே, அதுக்கு இன்னா சொல்றது?”

அவள் கோபத்தில் பயமும் கலந்திருந்தது. ஆனால் மதியத்துக்குள் இன்னும் சிலர் எழுந்து போய் வந்தார்கள். லீடர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மாற்றாளிடம் தன் லீடர் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவளும் ஒருமுறை போய் வந்தாள். லீடர்களுக்கும் சிறுநீர் வரும் என்பதை நாங்கள் எல்லாரும் மறந்துதான் போயிருந்தோம்.

இரண்டு நாள் கழித்து மனிதவள அதிகாரி என்னை அறைக்கு அழைத்தார். மரியாதையான மனிதர். நாற்காலியைக் காட்டினார்.

“பஸ்ல ஏதோ ஸ்டோரி சொல்றீங்களாமே மேடம். நல்ல விஷயம். எங்க நடக்குது அது?”

“வேற ஒரு சூரியக் குடும்பத்துல சார்.”

“ஓ. அப்போ தமிழ்நாட்டுல இல்ல.”

“இல்ல சார்.”

“அதுல யூனியன் எதுவும் இருக்கா?”

“இதுவரைக்கும் இல்ல சார். அங்க காத்துக்கே கஷ்டம்.”

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வோர் இருக்கைக்கும் அதற்கென்று பயிற்சி பெற்றவள்தான் உட்கார வேண்டும், இது விதி என்றார். பிறகு குரலை மென்மையாக்கிக்கொண்டார். ஆயுத பூஜை வருகிறது. மேடையில் நான் அந்தக் கதையின் முடிவைச் சொல்ல வேண்டும்.

“ரெண்டு பக்கமும் பேசி ஒண்ணாயிட்டாங்கன்னு முடிங்க. நாம எல்லாம் ஒரே குடும்பம், அந்த மாதிரி. அந்தத் தேனிப் பொண்ணோட ட்ரெயினிங் பீரியட் இந்த மாசத்தோட முடியுது. எல்லாம் சுமுகமா முடிஞ்சா எக்ஸ்டென்ஷன் போடறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல மேடம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். கதைதானே, மாற்றினால் என்ன என்று ஒரு பகல் முழுவதும் எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். கடைநிலவில் உண்மையாக யாரும் இல்லை. பக்கத்து இருக்கையில் உண்மையாக ஒருத்தி இருந்தாள். மாலையில் விடுதி மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன். சீருடையை உதறிக் கொடியில் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“முடிவை நீ சொல். நீ சொல்கிறபடி மேடையில் சொல்கிறேன்” என்றேன்.

“எனக்காக அந்தச் சனத்தைக் கும்புடு போட வச்சுராதீகக்கா” என்றாள். “அவுகளே இப்பத்தேன் எந்திரிச்சிருக்காக.” கிளிப்பை மாட்டினாள். “கம்பெனியா இல்ல இந்த ரோட்டுல? ஊருக்கு மட்டும் போகமாட்டேன்.”

ஆயுத பூஜையன்று பெல்ட்டின் இரு முனைகளிலும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். திருகாணி முடுக்கும் கருவிகள் அனைத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. கதவருகே பூசணிக்காய் உடைந்து சிவந்து கிடந்தது. ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தோடு எல்லா லைன்களின் பெண்களும் தரையில் உட்கார்ந்திருக்க, ஓட்டுநர்கள் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். முன்வரிசையில் தொழிற்சாலைத் தலைவரும் மனிதவள அதிகாரியும் இருந்தார்கள். நான் மேடையேறினேன்.

கடைநிலவில் கலகம் என்று கேள்விப்பட்டு மேலிடத்தின் தூதர் வந்து இறங்கினார் என்று தொடங்கினேன். கலகத்தை எங்கே தேடியும் அவருக்குக் கிடைக்கவில்லை. எல்லாரும் வேலையில் இருந்தார்கள். பனிக்கட்டி வெட்டப்பட்டது, ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதை வெட்டியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். காற்றறையில் இயந்திரங்கள் ஓடின. எவளோ எழுந்தாள், எவளோ நகர்ந்து பார்த்துக்கொண்டாள். தூதருக்கு ஆத்திரம் வந்தது. இந்த இருக்கை மேலிடத்தின் இருக்கை, இதில் யார் உட்காருவது, யார் எழுவது என்பதை மேலிடமே சொல்லும் என்று கத்திவிட்டு, காலியான ஓர் இருக்கையில் தானே உட்கார்ந்துவிட்டார். உட்காருங்கள் ஐயா என்று அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தார். களைப்பில் இன்னும் குடித்தார். நேரம் போயிற்று. இருக்கையைக் காலியாக விடக் கூடாது. தூதர் ஒரு காலின்மேல் இன்னொரு காலைப் போட்டார். மாற்றிப் போட்டார். நெற்றி வியர்த்தது. கடைசியில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் மெல்லிய குரலில் கேட்டார்: “அம்மா, நான் எழுந்து போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?”

நான் நிறுத்தினேன். அந்தப் பெண் சொல்லும் பதிலை எழுதி வைத்திருந்தேன். சொல்லத் தேவைப்படவில்லை.

“யாரையும் கேக்க வாணாம்! எந்திரி நைனா!” என்று பின்சுவரிலிருந்து எங்கள் ஓட்டுநரின் குரல் வந்தது.

“எந்திரி!” என்றாள் ஒருத்தி. “எந்திரி! எந்திரி!” என்று கூடம் முழுவதும் எழுந்தது. கதையை ஒருநாளும் கேட்டிராத மற்ற லைன்களின் பெண்களும் கத்தினார்கள். எதைச் சொல்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் லீடர் பொரிப் பொட்டலத்தால் வாயை மறைத்துக்கொண்டு தோள் குலுங்கினாள். தொழிற்சாலைத் தலைவர் அது வெறும் நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டினார். அவர் தட்டியதால் மனிதவள அதிகாரியும் தட்டினார்.

“தூதர் எழுந்தார்” என்று முடித்தேன். “கடைநிலவில் மேலிடத்தின் ஆட்சி அத்தோடு தீர்ந்தது.”

தேனிப் பெண்ணுக்கு நீட்டிப்பு வரவில்லை. என்னைப் பிற்பகல் ஷிப்ட்டுக்கு மாற்றினார்கள். அதே மாதத்தில், பக்கத்து இருக்கையின் வேலையையும் அனைவரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கம்பெனியே ஒரு திட்டம் அறிவித்து, வண்ணத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டியது. அதைக் கண்டுபிடித்தவளின் பெயர் அதில் இல்லை. கை தூக்கும் வழக்கம் மட்டும் எங்கள் லைனுக்குத் திரும்பி வரவில்லை. பிற்பகல் பேருந்தில் வேறு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இம்முறை பனிக்கு அடியில் வாழ்ந்த மக்களிலிருந்து தொடங்கினேன்.

ஒருநாள் வல்லம் கூட்டுச்சாலையில் எங்கள் வண்டி வெயிலில் நின்றது. பக்கத்தில் காலை ஷிப்ட் முடிந்து திரும்பும் வேறொரு கம்பெனியின் பேருந்து வந்து நின்றது. அதன் பெண்கள் எல்லாரும் முன்னும் பின்னும் திரும்பி, ஜன்னலோர இருக்கையில் இருந்த ஒருத்தி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கைகளை விரித்து எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். அளவைப் பார்த்தால் அது காற்றறையாகத்தான் இருக்க வேண்டும். சீருடையின் நிறம்தான் மாறியிருந்தது.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை, கையசைக்கவும் இல்லை. கதையை நிறுத்திவிட்டு, பாட்டிலை எடுத்து என் பக்கம் ஒருமுறை உயர்த்திக் காட்டினாள். தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை ஏறி இறங்க, கழுத்தில் வழிய வழிய, அடிவரை குடித்தாள்.